படகு விஷயம்

இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையைச் சுற்றி நடந்தவள் அவள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நடந்து பார்த்தால் வராது.

புத்தகம் கட்டும் பட்டறை அது. நடுக்கூடத்தில் நீளமாக ஒரு மேசை. அச்சாகி மடித்து வருகிற தாளெல்லாம் அதன்மேல்தான் வந்து உட்காரும். பதினாறு பக்கம் ஒரு மடிப்பு. அதற்கு ஃபாரம் என்று பெயர். ஒன்றாவது ஃபாரத்துக்கு ஓர் அடுக்கு, இரண்டாவதுக்கு ஓர் அடுக்கு என்று மேசையின் ஓரம் முழுக்க வரிசை பிடித்து நிற்கும். ஆறு பெண்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, ஒவ்வோர் அடுக்கிலும் ஒன்றை எடுத்து இடது கையில் சேர்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம். தைத்து அட்டை போட வேண்டியதுதான் பாக்கி. உடனே அடுத்த சுற்று. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் மணி அடிக்கும்வரை அந்த நடைதான். எங்கேயும் போய்ச் சேராத நடை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போன வருடம் அவளுடைய முழங்கால் இரண்டும் கையை விரித்துவிட்டன. அந்தச் சமயம் பார்த்துச் சரிபார்க்கும் மேசையில் இருந்த பெரியவர் ஓய்வு வாங்கினார். முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு, "அக்கா, இனிமே நீங்க அங்க உக்காருங்க" என்றாள். முதலாளியம்மாவுக்கு இவளைவிட ஐந்து வயது கூடுதல். ஆனாலும் பட்டறை முழுக்க இவள்தான் அக்கா. ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு ஃபேன், ஒரு பேனா. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் நாற்காலியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர், அதனால் பொறாமையில்லாமல் கேட்டார்.

அந்த மேசையின் வேலை சுலபமில்லை. காலையில் அடுக்குகளை வரிசை தப்பாமல் வைக்க வேண்டும். சேர்த்து வருகிற கட்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் கறுப்பாக ஒரு சின்னக் கோடு இருக்கும். வரிசை சரியாக இருந்தால் கோடுகள் படிப்படியாக இறங்கும். ஒன்று விட்டுப்போனால் அந்த இடத்தில் ஒரு படி காணாமல் போயிருக்கும். பார்த்து முடித்து வண்டியில் தொங்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுகள் தையல் இயந்திரத்துக்குப் போகும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு புத்தகம் வெளியே போகாது. எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு இது சின்ன விஷயமா என்ன?

படிப்பை விட்டாளே தவிர வாசிப்பை விடவில்லை. அட்டை கோணலாக ஒட்டிய பிரதி, ஓரம் கிழிந்த பிரதி, எதுவானாலும் வீட்டுக்கு வந்துவிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்படி வந்ததுதான் 'பளிங்குத்துறை' முதல் பாகம். மாயக்கதை. ஆள் விழுந்துவிட்டாள்.

கதையை முழுசாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆறு பாகம், உங்களுக்குப் பொறுமை இருக்காது. சுருக்கமாகக் கேளுங்கள். பளிங்குத்துறையில் ஓடும் ஆற்றில் விழுந்தது எதுவானாலும் கல்லாகிவிடும். அங்கே ஓடம் விடுகிறவன் ஒருத்தன். அவன் தம்பியை அந்த நாட்டு ராணி ஆற்றில் தள்ளிக் கல்லாக்கிவிட்டாள். 'ஒருநாள் நீ என் ஓடத்தில் ஏறத்தான் வேண்டும், நடு ஆற்றில் கவிழ்க்கிறேன்' என்று ஓடக்காரன் சபதம் போட்டான். ராணி என்ன முட்டாளா? ஐந்து பாகம் முழுக்கப் பாலம் வழியாகவே போய் வந்தாள். ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பாலம் இடிந்தது. எழுத்தாளர் அத்தோடு நிறுத்திவிட்டு மூன்று வருடம் எழுதவே இல்லை. வாசகர்கள் வயிறெரிந்து சாபம் விட்டார்கள்.

அந்த வாசகர்களுக்குப் போனில் ஒரு குழு இருந்தது. இருநூறு பேருக்கு மேல். பள்ளிக்கூட நூலகர் ஒருவர்தான் அதற்குக் காவல்காரர். எல்லாருக்கும் அவர் லைப்ரரி சார். அங்கே அவள் பெயர் 'ஒற்றைத் துடுப்பு'. டைப் அடிக்க விரல் ஒத்துழைக்காது என்பதால் குரலில்தான் பேசி அனுப்புவாள். கணீரென்ற குரல், பாகம் பக்கமெல்லாம் நுனிநாக்கில். கேட்டவர்கள் யாரோ பேராசிரியர் என்று முடிவு கட்டி 'மேடம், மேடம்' என்றார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நானாகப் பொய் சொல்லவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆறாம் பாகம் அவளுடைய பட்டறையிலேயே கட்டப்பட்டு வெளிவந்தது. வந்த மூன்றாம் நாளே குழு இரண்டு பட்டது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. புத்தகம் வந்து மூன்று மாதத்துக்குக் கதையை உடைக்கக் கூடாது. உடைத்தால் லைப்ரரி சார் ஈவிரக்கம் பார்க்காமல் வெளியேற்றிவிடுவார். அதனால் ராணி ஓடத்தில் ஏறுகிற இடத்தை எல்லாரும் 'படகு விஷயம்' என்று மட்டும் சொன்னார்கள். சொல்லாமல் சொல்லியே சண்டை நடந்தது.

"படகு விஷயத்துல மனுஷன் நம்மள ஏமாத்திட்டாருங்க" என்று முதல் கல்லை எறிந்தவன் 'கடைவாய்' என்ற பெயரில் இருந்தவன். "சபதம் போட்டவன் எங்க போனான்? பதினோரு வருஷம் காத்திருந்ததுக்கு இதானா?"

அவள் சும்மா விடுவாளா? "தம்பி, நீங்க புத்தகத்தைப் படிச்சீங்களா, இல்ல முகர்ந்து பாத்தீங்களா? படகு விஷயந்தான் அந்தப் புத்தகத்துக்கு உசிரு. நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல."

"மேடம், நீங்க பெரியவங்க. ஆனா இந்த விஷயத்துல உங்களுக்கு அவர்மேல கண்மூடித்தனமான பாசம்."

நடுவில் ஒரு பஸ் டிரைவர் நுழைந்தார். "எனக்குப் பிடிச்சிருக்குங்க. எதையும் சொல்லாம விட்டார் பாருங்க, அதான் எழுத்து." அவளுக்கு இது விளங்கவில்லை. எழுத்தாளர் என்னத்தைச் சொல்லாமல் விட்டார்? ஏதோ ஆழமாகப் பேசுகிறார் போல என்று விட்டுவிட்டாள். ஹோட்டல் சமையல்காரர் ஒருவர், "ஒரே இழுவை, ஒரே அழுகாச்சி" என்றார். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குப் பிடிபடவில்லை. பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகளும் அப்படித்தான். ஒன்று தலையில் தூக்கி வைத்தது, இன்னொன்று கீழே போட்டு மிதித்தது. இரண்டரை மாதம் இந்தக் கூத்து ஓடியது. சாப்பிடும்போதெல்லாம் கடைவாயைத் திட்டித் தீர்ப்பாள். ஒரு வரிகூட வாசிக்காத லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆறு பாகமும் மனப்பாடம் ஆனது இப்படித்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பதிப்பாளர் ஒரு கடிதத்தைக் குழுவில் போட்டார். எழுத்தாளர் கைப்பட எழுதியது. 'படகு விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன் என்று புரிகிறது. ஓடக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்று பாதிப்பேருக்கு விளங்கவே இல்லை. விளங்க வைக்கத் தெரியாதவன் எழுதக் கூடாது. ஏழாம் பாகம் வராது. மன்னியுங்கள்.'

அவள் அதை அன்றைக்குப் பட்டறையில் நாலு தடவை படித்தாள். கடைவாயின்மேல் வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம். ஒரு மனுஷனைப் பேசிப் பேசியே சாகடித்துவிட்டானே என்று பல்லைக் கடித்தாள். அந்தக் கடியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கடைசிப் பல் பாதியாக உடைந்தது.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். மாடிப்படி ஏறி இரண்டாவது கதவு. சின்ன அறை, சுத்தமான வெள்ளைத் தரை, மேலே வளைந்து தொங்கும் விளக்கு. டாக்டர் சின்ன வயசுக்காரன். "வாங்கம்மா, உக்காருங்க, வாயைத் தொறங்க" என்றான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடைவாய்!

அதே குரல். இரண்டு மாதமாகக் காதுக்குள் குடைந்த குரல் வேறு யாருக்கு இருக்கும்? வாயைத் திறந்தாள். ஆனால் பேச முடியவில்லை. அதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

"மரத்துப் போறதுக்குப் பத்து நிமிஷம் ஆகும்மா" என்றவன் மேசையில் கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்தான். 'பளிங்குத்துறை', ஆறாம் பாகம். அவள் பார்ப்பதைக் கவனித்தான். "இதெல்லாம் படிப்பீங்களா? படிக்காதீங்க. ஆறாவது சுத்த வேஸ்ட். ராணி ஓடத்துல கால் வைக்கிறா. அடுத்த அத்தியாயத்துல பாத்தா அக்கரையில எறங்குறா. இவன் தன்னோட விளக்கை எடுத்துக் குடுத்து வழியனுப்புறான்! நடு ஆத்துல என்ன நடந்துச்சு? ஒரு வரி இல்ல. பதினோரு வருஷத்துச் சபதம் காத்துல போச்சு."

அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். நடு ஆற்றில் என்ன நடந்ததென்றா? ஓடக்காரன் துடுப்பைக் கீழே வைக்கிறான். ராணி மடியில் இருக்கும் துணி மூட்டையை அவிழ்க்கிறாள். உள்ளே கல்லாகிப் போன தம்பியின் வலது கை. தானே செய்த பாவத்தைப் பதினோரு வருடம் மடியில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அவனுக்குக் கை எழவில்லை. அதைப் படித்துத்தானே இவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை! இவன் என்ன உளறுகிறான்?

"ஆ... ஆ..." என்றாள்.

"வலிக்குதா? இருங்க, பாத்துக்கலாம்."

பல் வந்தது. பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டு எழுத அவன் திரும்பிய நேரத்தில் அவள் புத்தகத்தை எடுத்தாள். எடுத்ததுமே கை சொல்லிவிட்டது. எட்டுத் தாள் குறைந்தால் ஊரில் யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் புத்தகம் பிடித்த கட்டைவிரலுக்குத் தெரியும். மெலிந்திருந்தது. பிரித்தாள். இடது பக்கம் இருநூற்று எண்பத்தெட்டு, அத்தியாயம் அங்கே முடிகிறது. வலது பக்கம் முந்நூற்றைந்து, புது அத்தியாயம் தொடங்குகிறது. இந்த எழுத்தாளர் அத்தியாயங்களுக்கு எண் போடுகிறவர் இல்லை. கதை ஓட்டத்தில் பக்க எண்ணை எவன் பார்க்கிறான்?

பத்தொன்பதாவது ஃபாரம் இல்லை.

யார் விட்டது என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. பிடித்த புத்தகத்தை உதிரித் தாளாகப் படிக்கவே மாட்டாள். முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் தொடுவாள். ஆறாம் பாகம் கட்டிய அன்று காலை அடுக்குகளை வரிசை வைத்தபோது, பத்தொன்பதாவது அடுக்கின் மேல்பக்கம் கண்ணில் பட்டுவிட்டது. 'ஓடக்காரன் துடுப்பைக் கீழே வைத்தான்' என்ற முதல் வரி. ஐயையோ என்று பதறிப்போய்ப் பக்கத்தில் கிடந்த அட்டைப் பலகையை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள். கதை தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். அதே நேரம் கீழே காகித லாரி வந்து நின்றது, ஹாரன் அடித்தது, ஓடினாள்.

அந்தப் பட்டறையில் பலகை போட்ட அடுக்கு என்றால் ஒரே அர்த்தம்: மை காயவில்லை, தொடாதே, அதைப் பிற்பாடு தனியாகச் செருகிக்கொள்வோம். சுற்றில் மிஞ்சியிருந்த ஐந்து பெண்களும் வழக்கப்படி அதைத் தாண்டி நடந்தார்கள். அக்கா வந்து செருகிக்கொள்வாள் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பலகையை எடுத்தவள், அவர்கள் அதைத் தூக்கித் தூக்கித் தாளை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். தையல் இயந்திரக்காரர் அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தார். வண்டி நிறைய முந்நூறு கட்டுகள் நின்றன. ஒரு கட்டின் முதுகைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். அது மட்டும்தான் அவள் வேலை. அதைத்தான் அன்றைக்கு அவள் செய்யவில்லை.

"என்னம்மா, முகமெல்லாம் வேர்க்குது? தண்ணி வேணுமா?" என்றான் டாக்டர்.

தலையை ஆட்டினாள். சொல்லியிருக்கலாம். ஒரு காகிதத்தில் எழுதியாவது காட்டியிருக்கலாம். மரத்துப்போன வாய் அன்றைக்கு அவளுக்கு நல்ல சாக்காக இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் காலை டீயை வைத்துக்கொண்டு புருஷனிடம் கொட்டினாள். அவர் லிஃப்ட் கம்பியைப் பார்ப்பது போல ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகக் கேட்டார்.

"யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது. முந்நூறு பேரு கையில இருக்கு. ஒருத்தரும் கண்டுபிடிக்கல. எழுத்தாளரே தன்னோட தப்புன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு."

"சொன்னா நாற்காலி போயிடுமே."

"போயிடும். வேலையே போனாலும் போகும். இந்தக் காலை வெச்சுக்கிட்டு இன்னொரு எடத்துல யாரு சேத்துக்குவா?"

அவர் டீயை உறிஞ்சினார். "சொல்லலேன்னா?"

"ஏழாவது வராது."

"அப்ப அந்த ஓடக்காரன் கதி?" என்று அவர் கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

முதலாளியம்மா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, பல்லு எப்படி இருக்கு?"

"பல்லு நல்லா இருக்கு முதலாளியம்மா. நான்தான் நல்லா இல்ல." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பலகையை மறைக்கவில்லை. பார்க்காமல் போட்ட கையெழுத்தை மறைக்கவில்லை.

முதலாளியம்மாவின் கண்ணாடி தானாகக் கீழே இறங்கியது. "யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்கும் என் வீட்டுக்காரருக்கும்."

"அப்ப ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க? என் நிம்மதியக் கெடுக்கணும்னு வேண்டுதலா?"

"தப்பு பண்ணது நான். பழியச் சுமக்கிறது அந்த மனுஷன். அவர் எழுத மாட்டேங்கிறாரு முதலாளியம்மா."

"எழுதாட்டி என்ன? வேற எவனாவது எழுதுவான், நாம கட்டுவோம்!" என்று கத்தினாள். கத்தி முடித்துவிட்டு அட்டையை ஓரமாகத் தள்ளினாள். பிறகு போனை எடுத்துப் பதிப்பாளரை அழைத்தாள். அவர் கத்தியது மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. முதலாளியம்மா அவ்வளவையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். அது வழக்கமில்லை.

"இனிமே நமக்கு வேலை குடுக்கிறதா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றாராம்" என்றாள் போனை வைத்துவிட்டு. "பாதி வேலை அவர்கிட்டருந்துதான் வருது, உங்களுக்கே தெரியும். அவர் சொல்ற வரைக்கும் நீங்க அந்த நாற்காலியில உக்கார வேணாம். சுத்துல போய் நில்லுங்க. அவர் வேணாம்னுட்டா, சுத்துலயும் ஆறு பேர் தேவைப்படாது."

அவள் போய் நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையில் சுவருக்கும் காது உண்டு, சங்கதி ஏற்கெனவே பரவியிருந்தது. நடையில் அவளுக்குப் பின்னால் வரும் நெட்டையம்மா மட்டும், "நானும் பலகையப் பாத்தேன்கா. கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்றாள்.

"நீ கேக்கலேன்னா என்ன? கையெழுத்து என்னுது" என்றாள் அவள்.

மிச்சத் தாள்களைப் பரணில் கட்டிப்போடுவது வழக்கம். ஏறிப் பார்த்தார்கள். பத்தொன்பதாவது ஃபாரம் மட்டும் மற்றதைவிட முந்நூறு கூடுதலாக, தூசி படிந்து கிடந்தது. யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் லைப்ரரி சாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு குழுவில் பேசினாள். இதுவரை ஒரே மூச்சில் பேசுகிறவள், நாலு தடவை அழித்து அழித்துப் பதிவு செய்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒற்றைத் துடுப்பு பேசுறேன். உங்க புத்தகத்துல எரநூத்தி எம்பத்தெட்டாம் பக்கத்துக்கு அப்புறம் முந்நூத்தஞ்சு வருதான்னு பாருங்க. வந்தா, நடுவுல பதினாறு பக்கம் இல்ல. எழுத்தாளர் எழுதினாரு. நான்தான் விட்டேன். நான் பேராசிரியர் இல்லீங்க. பைண்டிங்ல ஃபாரம் சேக்கிறவ. எட்டாவது வரைக்கும் படிச்சவ. விலாசம் அனுப்புங்க, விட்டுப்போனதை நானே அனுப்பி வைக்கிறேன். கடைவாய் டாக்டர், நேத்து கடைசிப் பல்லைப் பிடுங்கிக்கிட்டது நான்தான். நீங்க கேட்டதுல நியாயம் இருக்கு. நான் உங்களத் திட்டினதுல நியாயம் இல்ல."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது. லிஃப்ட் மெக்கானிக்தான் போனைத் திருப்பிப் பார்த்தார். "இந்தா, நூத்திப் பத்து வந்திருக்கு" என்றார்.

கோபப்பட்டவர்கள் இருந்தார்கள், நியாயம்தானே. காசு கொடுத்து வாங்கியவர்கள். 'இரண்டு மாசம் என்னைப் பைத்தியமாக்கிட்டீங்களே' என்று ஒருவர் அடித்திருந்தார். பஸ் டிரைவர், "எனக்கு அந்தப் பதினாறு பக்கம் வேணாம்க்கா. என் புத்தகத்துல அவங்க பேசாமலே ஆத்தைத் தாண்டுறாங்க. எனக்கு அது போதும்" என்றார். மேடம் அக்காவாகிவிட்டதை அவள் கவனித்தாள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. கடைவாயிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து உறை ஒட்டினார்கள். நூற்றுச் சொச்சம் விலாசம். நடுவில் சத்தமே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் ஒரு ஃபாரத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். விரலை வரிக்கு வரி வைத்துப் பதினாறு பக்கமும் படித்தார். முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "நீ சொன்னதவிட நல்லா எழுதியிருக்கான்" என்றார்.

அடுத்த வாரம் டாக்டரின் குரல் வந்தது. "அக்கா, படிச்சேன். அந்த மூட்டைய அவிழ்க்கிற எடத்துல கிளினிக்கை அரை மணி நேரம் பூட்டிட்டேன். வெளிய நாலு பேரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. எழுத்தாளருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டுட்டேன். ஆனா ஒண்ணு. அவளை அவன் விட்டிருக்கக் கூடாது. அதுல நான் மாறல."

"ஏன் விட்டிருக்கக் கூடாது? கவுத்திருந்தா தம்பி எழுந்து வந்திருப்பானா?" என்று அவள் அந்த நொடியே பாய்ந்தாள். சமையல்காரர் வந்தார், பஸ் டிரைவர் வந்தார். லைப்ரரி சார், "மூணு மாசம் முடிஞ்சிடுச்சு, இனி அவங்கவங்க இஷ்டம்" என்று கதவைத் திறந்துவிட்டார். முன்பு குருட்டுச் சண்டை. இப்போது எல்லாருக்கும் கண் தெரிந்தது. சண்டை இன்னும் சூடு பிடித்தது.

பகலில் நடைதான். மூன்று வாரம் பதிப்பாளர் வாயைத் திறக்கவில்லை. அவரிடமிருந்து வேலையும் வரவில்லை. இருந்த ஒன்றிரண்டு புத்தகங்களைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்தார்கள். அவளுடைய முழங்கால் மத்தியானத்துக்குமேல் வீங்கிக்கொள்ளும். காலியாகக் கிடக்கும் நாற்காலியை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை தாண்டிப் போக வேண்டும். பார்க்காமல் போகப் பழகினாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இரண்டு தடவை நினைத்தாள். இரண்டு தடவைதான்.

நாலாம் வாரம், ஒரு புதன்கிழமை, முதலாளியம்மா ஒரு கடிதத்தோடு கூடத்துக்கு வந்தாள். "எல்லாரும் கேளுங்க. எழுத்தாளர் பதிப்பாளருக்கு எழுதினது. நமக்கும் ஒண்ணு அனுப்பச் சொன்னாராம்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

'முந்நூறு பேர் நான் எழுதாத ஒரு புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள். அதில் சிலருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஒரு பிரதியை வரவழைத்து நானும் படித்தேன். படகு அத்தியாயத்தை எழுதியபோது வேண்டுமா வேண்டாமா என்று மூன்று முறை எடுத்துவிட்டு மூன்று முறை சேர்த்தவன் நான். இல்லாமலும் கதை நிற்கிறது என்று இப்போது தெரிகிறது. இருந்தால் அழவைக்கிறது என்றும் தெரிகிறது. இரண்டு தரப்பும் என்னைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. இத்தனை பேர் இவ்வளவு கூர்மையாகப் படிக்கும்போது நான் முடங்கிக் கிடப்பது தப்பு. ஏழாம் பாகத்தைத் தொடங்கிவிட்டேன். அதையும் அதே பட்டறையிலேயே கட்டுங்கள். தன் தவற்றைத் தானே வந்து சொன்னவர் இருக்கும் இடம் எனக்குப் பத்திரமான இடம்.'

நெட்டையம்மா விசில் அடித்தாள். அந்த வயசில் அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும் அசையாமல் நின்றாள். கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. கையில் தாள் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

முதலாளியம்மா கடிதத்தை மடித்தாள். "பாக்காம கையெழுத்துப் போட்டதுக்கு இந்த நாலு வாரம் சரியாப் போச்சு. இந்தப் பட்டறையிலருந்து எத்தனை தப்பு வெளிய போயிருக்கும்? ஒருத்தராவது வந்து என்னுதுன்னு சொல்லியிருக்காங்களா? எனக்குச் சரிபார்க்க அந்த மாதிரி ஆள்தான் வேணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போய் உக்காருங்கக்கா."

அவள் தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள். "கையில பதினோரு ஃபாரம் இருக்கு முதலாளியம்மா. இன்னும் ஒம்போது. இதைச் சேத்து முடிச்சுட்டு வந்து உக்காந்துக்கிறேன்."

பன்னிரண்டாவது அடுக்கில் ஒன்றை எடுத்து, முதுகுக் கோட்டைப் பார்த்து, கையில் சேர்த்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்த ஐந்து பேரும் அவளுக்காக நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.